எண்பது சுற்று

கடல் உள்ளே வந்து சாலைகளை விழுங்கியபின், வேதாரண்யம் தீவுகளில் வீட்டுக்கொரு விமானம் என்றாகிவிட்டது. அவரவர் கொட்டகையில் அவரவரே கட்டியது. ரெஜினா தன்னுடையதில் தினமும் இறால் ஏற்றித் தஞ்சாவூர் போவாள். இஞ்சினுக்குப் பொறி கொடுக்க இரண்டு கருவிகள்: இடப்பக்கம் மின்பொறியான், வலப்பக்கம் பழைய மேக்னெட்டோ. மின்பொறியானில் கிளப்பி, பிறகு மேக்னெட்டோவைச் சேர்க்க வேண்டும். ஒன்றை அணைத்தால் இஞ்சின் வேகம் காட்டும் முள் எண்பது சுற்று இறங்கும், போட்டால் ஏறும். தினமும் அந்தச் சோதனை. இருக்கை வார் நாடியைத் தேடும். நாடி இல்லாததெல்லாம் சரக்கு. மின்பொறியானின் திரையில் எழுத்து வரும்: பயணி 1. சரக்கு 120 கிலோ. பயணம் ஏற்கப்பட்டது.

மேக்னெட்டோவை அவள் மதித்ததே இல்லை. “அந்தக் கெழட்டு இரும்பக் கழட்டிப் போடுங்க, வீண் கனம்” என்பாள். “கெடக்கட்டும் புள்ள, உன்கிட்ட சோறா கேக்குது?” என்று அதைத் துடைத்து வைப்பான் அவள் கணவன் சூசை.

நாட்டிலுள்ள மின்பொறியான்கள் எல்லாம் தங்களுக்குள் பேசிக்கொண்டன. ஒன்று கற்றது எல்லாவற்றுக்கும் தெரிந்தது. அவை ஏற்ற பயணங்களில் பதினோரு வருடமாக ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்தப் பெருமையைக் கொட்டகைக்குக் கொட்டகை எழுதி ஒட்டியிருந்தார்கள். ரெஜினா இரண்டு இடத்தில் ஒட்டியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் சூசைக்கு நெஞ்சு அடைத்தது. ஒரு மணி நேரத்துக்குள் தஞ்சாவூர் போய்விடுங்கள் என்றார் தீவு மருத்துவர். ரெஜினா அவனைப் பின்னிருக்கையில் சாய்த்து வாரைக் கட்டினாள். பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றியது, பொறி வரவில்லை. பயணி 2. பயணம் ஏற்கப்படவில்லை.

கம்பிகளை ஆட்டிப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தன. அவனை இறக்கிவிட்டு அழுத்தினால் இஞ்சின் உடனே கிளம்பியது. நிறுத்தி, அவனை ஏற்றி அழுத்தினால் கிளம்பவில்லை.

“கோளாறு இல்ல ரெஜி,” என்றான் சூசை, மூச்சு வாங்க. “என் நாடிய எண்ணுது. வழியில நான் போயிட்டா அதோட பேரு கெட்டுப்போயிரும்.”

“என்ன பேச்சு பேசுறீங்க.”

“இஞ்ஞாசி அண்ணன் மவளப் பிரசவ வலியோட ஏத்துனப்பவும் கெளம்பலையே. பிளக்கத் தொடைக்காம வச்சிருந்தாருன்னு நீதான் அவரத் திட்டுன.”

திட்டியது உண்மைதான். சாவு வீட்டு வாசலில் நின்றே திட்டியிருந்தாள். சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்க்க இப்போது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. மேக்னெட்டோவைப் போட்டுவிட்டு இறங்கிப்போய் விசிறியைக் கையால் சுற்றினாள். ஆறாவது சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

முள் எண்பது குறைவாகவே நிற்க, இஞ்சின் இருமிக்கொண்டே பறந்தது. மனசு மாறாதா என்று இடப்பக்கச் சுவிட்சையும் போட்டே வைத்திருந்தாள். “ஏதாச்சும் பேசிக்கிட்டே வாங்க” என்றாள். “கெழட்டு இரும்பு எப்புடி?” என்றான் சூசை. “தங்கம்ங்க” என்றாள். அவன் சிரிப்பது கேட்டது.

மன்னார்குடிக் கோபுரம் தண்ணீருக்கு மேலே தெரிந்தபோது இருமல் நின்றது. முள் எண்பது சுற்று ஏறியது. மின்பொறியான் தானாகவே வந்து சேர்ந்துகொண்டிருந்தது. ரெஜினாவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

“ஏங்க, ஒத்துக்கிச்சு பாருங்க. இனிமே பறந்துரலாம்,” என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

பயணி 1. சரக்கு 64 கிலோ. பயணம் ஏற்கப்பட்டது.