நின்ற மீன்கள்

"மீன்னா நீந்தணும்ல மாமா? இது ஏன் நிக்குது?"

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு காலத்தில் கேட்ட கேள்வி. தேவாலயத்து நிலவறையில் ஒரு நீண்ட மரப்பெட்டி இருந்தது. வேதம் வைத்திருந்தாலே தலை போகும் என்றிருந்த காலத்தில், முந்நூறு ஆண்டுகளுக்கு முன், விசுவாசிகள் கையால் எழுதிய நற்செய்திப் புத்தகம் அதனுள் இருந்தது. பெட்டியின் முகப்பில் செதுக்கிய மூன்று மீன்களும் வால் கீழே, தலை மேலே என்று நின்றன.

"தெரியலையே கண்ணு. கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லு" என்றார் மணியடிக்கும் மாமா.

பெட்டிமேல் ஏறிக் குனிந்து பார்த்த சிறுமி நிமிர்ந்தபோது, தலை இடித்துக் கூரைக் கொக்கியில் தொங்கிய கண்ணாடி விளக்கு விழுந்து நொறுங்கியது. "நான்தான் கைதவறிப் போட்டேன்" என்று மாமா பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கொக்கி வெறுமையாகவே கிடந்தது.

முப்பது ஆண்டுகளுக்குப் பின், காலை 7.20. அந்தச் சிறுமி இன்ஸ்பெக்டராக வந்து நின்றார். பெட்டி இப்போது மேலே, பாதிரியாரின் அறையில் இருந்தது. பூட்டு உடையவில்லை. புத்தகம் மட்டும் இல்லை.

"பெட்டிச் சாவி என் கழுத்துல" என்றார் பாதிரியார். "நேத்து சாயங்காலம் நானே உள்ளே வச்சுப் பூட்டினேன். இன்னைக்குக் காலையில ஆறேகாலுக்குத் திறந்தா வெறும் பெட்டி. பத்து மணிக்குப் புத்தகத்தைப் பார்க்க ஆயர் வர்றார். எந்த முகத்தோட நிப்பேன்?"

"மேலே கொண்டுவந்தது யாரு?"

"நான்தாம்மா" என்றார் மணியடிக்கும் கிழவர். "அஞ்சரை மணிக்கு. கூரையில இருந்து பெட்டி மேல தண்ணி சொட்டுச்சு."

"தனியாவா?"

"வீட்டுக்காரிக்கு மூட்டுவலி. கூப்பிட்டா பெட்டியோட அவளையும் சேர்த்துத் தூக்கணும்."

வாசலில் நின்ற மனைவி அந்த நிலையிலும் முறைத்தாள்.

"கரண்ட் இருந்துச்சா?"

"இல்ல."

"டார்ச்?"

"இல்ல."

"அப்போ தண்ணி எப்படித் தெரிஞ்சது?"

கிழவர் தரையைப் பார்த்தார். "விளக்கு வெளிச்சத்துல."

"அங்க ஏது விளக்கு? வெறும் கொக்கிதானே!" பாதிரியாரின் குரல் உயர்ந்தது.

"அந்தக் கொக்கியில இருந்துதான் வெளிச்சம் வந்துச்சு ஃபாதர். சொன்னா நம்ப மாட்டீங்கன்னுதான் சொல்லல."

சந்தேகத்தில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால் கிழவரின் வேலை போகும். வேலையோடு கொடுத்திருந்த பின்னறை வீடும் போகும். மனைவி அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

7.50. இன்ஸ்பெக்டர் நிலவறைக்கு இறங்கினார். பெட்டி இருந்த இடத்தில் குளம்போல் தண்ணீர். குறுகிய படிக்கட்டு நடுவில் வளைந்தது. ஒவ்வொரு படியிலும் சதுரமாக ஓர் ஈரத்தடம்.

8.05. பெட்டியின் ஒரு முனைப் பலகை முழுக்கச் சேறு. மறுமுனையில் தூசி கலையவில்லை.

"படுக்கை வாக்குல தூக்கலையா மாமா?"

'மாமா' என்றதை அவர் கவனிக்கவில்லை. "வளைவுல திரும்பாதும்மா. இந்த முனையில நிமிர்த்தி, படிப்படியா ஏத்தினேன்."

"முன்னாடி யாராவது அப்படி நிமிர்த்தியிருக்காங்களா?"

"பெட்டி இடத்தை விட்டு நகர்ந்ததே இல்ல" என்றார் பாதிரியார்.

இன்ஸ்பெக்டர் பெட்டியைப் பூட்டச் சொல்லி, சேறு படிந்த முனையில் நிமிர்த்தினார். மீன்கள் மூன்றும் வயிறு மேலாகக் கிடந்தன.

"செத்த மீன். இப்போ பாருங்க."

மறுமுனையில் நிமிர்த்தினார். மீன்கள் முதுகு மேலாக, நேராக நீந்தின. உள்ளே 'சரக்' என்று ஏதோ சறுக்கியது. பெட்டியைப் படுக்க வைத்ததும் பாதிரியார் சாவி போட்டுத் திறந்தார். புத்தகம்!

"அப்போ திருடன்?"

"இதைச் செஞ்ச தச்சர். செத்து முந்நூறு வருஷமாச்சு, விலங்கு மாட்ட முடியாது" என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார். "முனைப் பலகைக்குப் பின்னால ஒரு ரகசிய அறை இருக்கு. சிப்பாய்ங்க வந்தா பெட்டியை இப்படி நிமிர்த்துவாங்க, புத்தகம் மறைஞ்சிடும். அவங்க போனதும் மறுமுனையில நிமிர்த்துவாங்க. மீன் நீந்தினா புத்தகம் திரும்பி வரும். மாமா தெரியாம முதல் பாதியை மட்டும் செஞ்சுட்டார். மீன் ஏன் நிக்குதுன்னு நாம யாரும் யோசிக்கல."

பாதிரியார் கிழவரின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்க." பிறகு தயங்கி, "அந்த வெளிச்சம்?"

"அது என் விசாரணைக்கு அடங்காது ஃபாதர். ஆனா பெட்டி அங்கேயே இருந்திருந்தா புத்தகம் இந்நேரம் கூழாகியிருக்கும்."

மதியம் 1.15. ஆயர் வந்து போயிருந்தார். எல்லோரும் சாப்பாட்டில் இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு புதிய கண்ணாடி விளக்கோடு தனியே நிலவறைக்கு இறங்கினார். கொக்கியைத் தொட்டார். அந்த ஈரக் குளிரிலும் அது வெதுவெதுப்பாக இருந்தது. விளக்கை மாட்டி, கண்ணாடியில் பட்ட விரல் ரேகையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, சத்தமில்லாமல் படியேறிப் போனார்.