காளிச்சாமி வீட்டு வெண்கல அம்மன்

"எந் தம்பி திருடனுங்களா, பட்டாளத்துக்காரனுங்களா? அதெ மட்டும் கண்டுபுடிச்சுக் குடுங்க. மிச்சத்தெ நாம் பாத்துக்கறேன்."

பீளமேட்டுப் பஞ்சாலையில் வேலை முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் வந்திருந்தாள் மாசாணியம்மாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. திருமூர்த்தியும் வற்புறுத்தவில்லை. கோர்ட்டில் இருபது வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்து, பொய்யை இரண்டு பாஷையிலும் கேட்டுக் கேட்டு அலுத்து, இப்போது ஒப்பணக்காரத் தெருவில் ஒரு மாடி அறையில் துப்பறிகிற மனிதர் அவர். கீழே போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் அங்கப்பன் அவருடைய சிநேகிதர். யாராவது மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டால் போதும், கழுவிக்கொண்டிருக்கும் படத்தை அப்படியே போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்துவிடுவார். அன்றும் வந்து நின்றார்.

"வெவரமாச் சொல்லுங்க அம்மணி" என்றார் திருமூர்த்தி.

அவள் சொன்னாள். பதினெட்டு வருஷத்துக்கு முன், 1917இல் நடந்தது. பொள்ளாச்சிக்குக் கிழக்கே ஒரு கிராமம். அங்கே பெரிய பண்ணையத்தில் அவளுடைய அப்பாவும் தம்பி சுப்பையனும் ஆளாக இருந்தார்கள். அந்த ஆனி மாதம், யுத்தத்துக்கு ஆள் சேர்க்கும் துரை ஊருக்கு வந்து, பண்ணையத்து முதலாளியான பெரிய பண்ணாடியின் வீட்டிலிருந்தே ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார். ஆடி பிறந்ததும் பெரிய பண்ணாடி சுப்பையனைத் தாராபுரத்துச் சொந்தக்காரர் தோட்டத்துக்கு வேலைக்கு என்று சொல்லி அனுப்பினார். ஆடிப் பதினெட்டு அன்று இரவு பண்ணையத்தில் ஒரு ஜோடி காளை காணாமல் போனது. சுப்பையன்தான் வந்து ஓட்டிக்கொண்டு போனான், என் கண்ணால் பார்த்தேன் என்று பண்ணாடியே சொன்னார்.

"எங்கப்பனெப் புளியமரத்துலெ கட்டி வெச்சு அடிச்சாங்க. ஆறு மாசத்துலெ போய்ச் சேந்துட்டாரு. தம்பி திரும்பி வரவேயில்லீங்க. பட்டாளத்து ஆபீசுலெ கேட்டா, சுப்பையன்னு அந்த ஊர்லெ ஒருத்தரும் சேரலையின்னுட்டாங்க."

"இத்தனை வருஷம் கழிச்சு இப்ப எதுக்குங்க வந்தீங்க?"

"பெரிய பண்ணாடி செத்து ரெண்டு வருசமாச்சு. அவரு மகன் காளிச்சாமி, தான் கடல் தாண்டி பாஸ்ராவுலெ சண்டெ போட்டேன்னு வெள்ளைக்கார ராஜாவோட வெள்ளி விழாவுலெ மேடையேறி உக்காந்தாரு. அடுத்த மாசம் கலெக்டர் வந்து மாலெ போடறாராம். அந்த மனுசன் கோழி கூவுனாலே திடுக்குன்னு முழிக்கறவருங்க. அவரு சண்டைக்குப் போனாருன்னா நான் நம்போணுமா?"

"தம்பிக்கு அடையாளம் ஏதாச்சும்?"

"கரும்பாலையிலெ வெல்லப்பாகு கொட்டிப்போட்டுதுங்க. வலது கை மணிக்கட்டுலெருந்து முழங்கை முட்டும் தோலு சுருங்கிக் கெடக்கும்."

அடுத்த வாரமே அங்கப்பன் காமிராப் பெட்டியோடும், திருமூர்த்தி அவருடைய உதவியாள் மாதிரியும் காளிச்சாமியின் வீட்டில் நின்றார்கள். யுத்த வீரரைப் படம் பிடிக்கக் கோயமுத்தூரிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்றதும் காளிச்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. பட்டுச் சட்டை, கடுக்கன், மீசையில் எண்ணெய் என்று தயாராகி வந்தார். அவரைப் பார்த்தால் யாருக்குமே கோபம் வராது. அதனால்தான் திருமூர்த்திக்குக் கூடுதலாக வந்தது.

பதக்கம் பூஜை அறையில் மாட்டியிருந்தது. உள்ளங்கையை மறைக்கும் அளவுக்கு வட்டமான வெண்கலத் தகடு. கையில் சூலம் ஏந்திய ஒரு பெண், காலடியில் சிங்கம். விளிம்பு முழுவதும் சந்தனமும் குங்குமமும் அப்பி, நடுவில் பெயர் பொறித்த கட்டம் மட்டும் துலங்கியது.

"ராஜாவே நம்ம அம்மனெ அடிச்சு அனுப்பியிருக்காரு பாத்தீங்களா?" என்றார் காளிச்சாமி. "அப்பா இதெப் பெட்டிக்குள்ள போட்டு மூடியே வெச்சிருந்தாருங்க. அவரு போனப்புறந்தான் என் கண்ணுலெ பட்டுது. வெள்ளி தவறாமெ பூசை."

"சந்தனம் படத்துலெ கறுப்பா விழுகுமுங்க. கொஞ்சம் தொடச்சுக்கலாங்களா?" என்றார் திருமூர்த்தி.

காளிச்சாமி இரண்டு கையையும் தூக்கித் தகட்டைக் கழற்றினார். பட்டுச் சட்டையின் கை முழங்கைக்குச் சரிந்தது. இரண்டு கையும் வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருந்தன. திருமூர்த்தி ஈரத்துணியால் விளிம்பைத் துடைத்தார். ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அங்கப்பன் பொருமித் தீர்த்தார். "பேரு பொறிச்சுப் பதக்கமே இருக்குதுங்க. அந்த ஆளு போயிருக்காரு. மாசாணியம்மா ஏமாந்துதான் போகோணும்."

"தான் வாங்குன பதக்கத்தெ அப்பன் செத்தப்புறம் பெட்டியிலெ பாக்கற வீரரை நீங்க எங்கியாச்சும் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திருமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் பெங்களூரில் இருந்த பட்டாள அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போனது. அதில் சுப்பையனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. காளிச்சாமியைப் பற்றித்தான் கேட்டிருந்தார். மூன்று வாரத்தில் பதில் வந்தது.

படம் கொடுக்க வருகிறோம், ஊர்க்காரர்களும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லியனுப்பினார்கள். காளிச்சாமி ஊரையே கூட்டிவிட்டார். கூட்டம் அந்தப் புளியமரத்தடியில்தான். மாசாணியம்மாள் ஓரத்தில் நின்றாள்.

"இது பதக்கமில்லீங்க" என்று, காளிச்சாமி எடுத்துவந்திருந்த தகட்டைக் கையில் வாங்கி ஆரம்பித்தார் திருமூர்த்தி. "இந்தப் பொண்ணு அம்மனுமில்லெ. வெள்ளைக்காரங்க தங்களோட நாட்டெயே ஒரு பொண்ணா வரைவாங்க, அது இது. விளிம்புலெ என்ன எழுதியிருக்குது தெரியுங்களா? 'சுதந்திரத்துக்காகவும் மானத்துக்காகவும் உயிர் விட்டவர்'. சண்டையிலெ செத்தவங்க ஊட்டுக்கு மட்டும் சர்க்கார் அனுப்புன தகடு. சர்க்கார் கணக்குலெ காளிச்சாமி செத்து பதினேழு வருசமாச்சு."

கூட்டத்தில் யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நீங்க உசுரோட முன்னால நிக்கறீங்க. அப்ப உங்க பேர்லெ செத்தது யாருங்க? பட்டாளத்துலெ சேத்தப்ப எழுதுன அங்க அடையாளம் இந்தக் காகிதத்துலெ இருக்குது. வலது கை மணிக்கட்டுலெருந்து முழங்கை வரைக்கும் தீப்புண் தழும்பு. உங்க கையெ அன்னிக்கே பாத்தேன். அங்கெ ஒரு கீறலுமில்லெ."

"சுப்பையன் கையி!" என்றார் கூட்டத்தில் ஒரு கிழவர்.

"சேந்த தேதி ஜூலை இருபத்தஞ்சு. மாடு தொலைஞ்சது ஆடிப் பதினெட்டு, அதாவது ஆகஸ்ட் மாசம். முகாமுலெ பூட்டி வெச்சிருந்த ஆளு ஒரு வாரம் கழிச்சு இங்கெ வந்து மாடு ஓட்ட முடியாதுங்க. சுப்பையனெ ஒருத்தரும் தேடக்கூடாது. அதுக்குத்தான் திருட்டுப் பட்டம்."

காளிச்சாமி மரத்தைப் பிடித்துக்கொண்டார். தாராபுரத்து மாமன் வீட்டில் இரண்டு வருஷம் ஒளிந்திருந்ததையும், காளைகளை அப்பாவே அங்கே ஓட்டிவந்து விட்டதையும் திக்கித் திக்கிச் சொன்னார். "அப்பா செஞ்சுபோட்டதுங்க. அவன் சண்டைக்குப் போன நாட்டுலெயே எங்கியோ பொழைச்சுக் கெடக்கறான்னு இருந்தேன். செத்தது சத்தியமா எனக்குத் தெரியாது."

மாசாணியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மாடு திருடு போகலேங்கறது தெரியுமில்ல?"



திருமூர்த்தி வெண்கலத் தகட்டையும் ஒரு நீண்ட உறையையும் அவள் கையில் கொடுத்தார். "நடந்ததையெல்லாம் எழுதிக் கலெக்டருக்கு ஒரு மனு. அனுப்பறதும் கிழிக்கறதும் உங்க இஷ்டம் அம்மணி."

காளிச்சாமி அந்த உறையையே பார்த்தார். "நெலம் வேணுமா? எத்தனெ ஏக்கர் வேணும், சொல்லு."

"நெலத்தெ நீயே வெச்சுக்க" என்றாள். பண்ணாடி வீட்டாரை ஒருமையில் பேசிய ஆள்காரர் மகளை அந்த ஊர் இதுவரை பார்த்ததில்லை. "முதுகு ரத்தம் காயறதுக்குள்ள எங்கப்பன் ஊடு ஊடாப் போனாரு. எம் பையன் திருடனில்லீங்க, எம் பையன் திருடனில்லீங்கன்னு ஒவ்வொரு வாசல்லயும் கும்புட்டுச் சொன்னாரு. கதவெச் சாத்துனாங்க. நீ போ. ஒரு ஊடு உடாமெப் போய்ச் சொல்லு."

"சொன்னா மனுவெக் கிழிச்சுருவியா?"

"அதெச் சொல்லி முடிச்சுட்டு வந்து கேளு."

வேறு வழியில்லை என்பது அவருக்குப் புரிந்தது. பெரிய வீட்டுத் தெருப் பக்கம் காலை வைத்தார். மாசாணியம்மாள் தலையை ஆட்டி, ஊருக்கு வெளியே, பண்ணையில் வேலை செய்பவர்கள் குடியிருந்த ஆள்காரர் தெருவைக் கைகாட்டினாள். பிறந்ததிலிருந்து அவர் கால் வைக்காத தெரு. அங்கப்பன் காமிராவைத் தூக்கப்போனார். திருமூர்த்தி வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்தார்.

முதல் குடிசை பாப்பாயியுடையது. கூட்டத்தைப் பார்த்து மிரண்டு வெளியே வந்தாள் அந்தக் கிழவி. பட்டுச் சட்டை வியர்வையில் ஒட்டியிருக்க, காளிச்சாமி அவள் முன்னால் கை கூப்பினார்.

"சுப்பையன் திருடனில்லீங்க" என்றார்.

வெண்கலத் தகட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே வந்திருந்த மாசாணியம்மாளின் முகத்தில் கொஞ்சம்கூட இரக்கம் இல்லை.

"பாப்பாயக்காளுக்குக் காது மந்தம்" என்றாள். "சத்தமாச் சொல்லு."