சோளத்தின் மேல் மூன்று மூச்சு

பெத்ரோனா வந்து சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். வாசலிலேயே நின்று மூச்சு வாங்கினாள். சந்தையில் பன்றித்தோல் வறுவல் விற்கிறவள். அந்த உடம்பை வைத்துக்கொண்டு மலைப்பாதை ஏறுவது லேசுப்பட்ட காரியமில்லை. பயந்துபோன பிள்ளைகளின் உயிரைக் கூப்பிட்டுக் கொண்டுவருகிற வேலைக்கும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவளை விட்டால் ஆள் கிடையாது.

“உன் புருஷன் பூயெப்லா பட்டணத்துல ஊராருக்கெல்லாம் வீடு கட்டறான். சொந்த வீட்டை மட்டும் கழுகுக் கூட்டுல வச்சிருக்கான் பாரு.”

நிகனோரா சிரிக்கவில்லை. பாயைக் காட்டினாள்.

பாயில் ஆறு வயது ஹோவிதா கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது. ஒன்பது நாளாக ஒரு வாய் கஞ்சி உள்ளே போகவில்லை. பூசணிக்காய் பறிக்கச் சோளக்காட்டுக்குள் போனவள் மேல், கட்டறுத்த கோவேறு கழுதை ஒன்று தட்டைகளை முறித்துக்கொண்டு பாய்ந்துவிட்டது. காயம் ஒன்றுமில்லை. அலறிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தவள் அன்று படுத்ததுதான். டாக்டர் ஊசி போட்டார், சத்துமாவு கொடுத்தார், கையை விரித்துவிட்டார்.

பெத்ரோனா மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். விரல்களை மெல்ல முழங்கைவரை நகர்த்தினாள்.

“நாடி மேலே ஏறிடுச்சு. உடம்புதான்டி இங்க கிடக்கு. உயிர் காட்டுலயே நிக்குது. அன்னிக்கு என்ன போட்டிருந்தா?”

நிகனோரா சட்டையை எடுத்து வந்தாள். வெள்ளைத் துணி, கழுத்தைச் சுற்றிச் சிவப்பு நூலில் பறவைகள்.

“இது இவளோடதுதானே? வேற யாரும் போட்டதில்லையே?”

“இல்லக்கா.”

அது பொய்.

அந்தச் சட்டை மூத்தவள் தொமாசாவுடையது. நான்கு வருடத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டாள்; அவளுக்கும் அப்போது ஆறு வயது. இறந்த பிள்ளையின் துணிமணி அத்தனையையும் அதோடு சவப்பெட்டியில் வைத்துவிட வேண்டும், ஒரு ரிப்பன்கூட வீட்டில் தங்கக் கூடாது. நிகனோராவுக்கு இந்த ஒன்றை மட்டும் வைக்க மனசு வரவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து போட்ட தையல் அது. கணவனுக்கும் தெரியாமல் அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாள். இந்த வருடம் சின்னவளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

“பொழுது சாயும்போது போ. சட்டையைத் தரையில இழுத்துக்கிட்டே அவ பேரைக் கூப்பிடு. பின்னால வர்ற சத்தம் கேட்டதும் வீட்டுக்கு நட. எது கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காதே. பாத்தா போயிடும்.”

காட்டுக்குள் காற்றே இல்லை. காய்ந்த தோகைகள் அசையாமல் தொங்கின. மலைமேல் இருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு சால் தாண்டியதும் வீடு மறைந்துவிட்டது.

“ஹோவிதா! வாம்மா, வீட்டுக்குப் போலாம்!”

ஒன்றுமில்லை.

தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். சட்டை மண்ணில் சரசரத்தது. வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது.

அப்புறம் பின்னால் ஒரு தோகை முறிந்தது.

வெறுங்காலின் ஓசை. சின்னக் கால். அதோடு ஒரு வாசனையும் வந்தது: சாம்பிராணியும் ஈரமண்ணும். பிள்ளை வந்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் நிகனோரா அதை யோசிக்கவில்லை. நடந்தாள். காலடி ஒட்டியே வந்தது.

காட்டின் விளிம்பை எட்டியபோது, வெகுதூரம் உள்ளே இருந்து இன்னொரு சத்தம் கேட்டது. யாரோ தட்டைகளில் மோதி விழுந்தடித்து ஓடிவருவது போல.

“அம்மா... நில்லும்மா...”

எது கூப்பிட்டாலும் திரும்பாதே என்றிருந்தாள் பெத்ரோனா. நிகனோரா திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைப் போட்டுவிட்டதும் பிள்ளை கண்ணை முழுசாகத் திறந்தாள். இரண்டு கிண்ணம் சோளக்கஞ்சி குடித்தாள். நிகனோரா பெத்ரோனாவின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை, தோல் கழலும்படி சோளத்தை வேகவைக்கச் சுண்ணாம்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்திருந்தாள். பிள்ளை பக்கத்தில் வந்து குந்தி, கையில் சோளத்தை அள்ளி, குனிந்து ஊதினாள்.

ஒருமுறை. இன்னொருமுறை. மூன்றாம் முறை.

“நெருப்பைக் கண்டு பயப்படாதீங்க,” என்று சோளத்திடம் சொல்லிவிட்டுப் பானையில் போட்டாள்.

சோளம் பயப்படாமலிருக்க எல்லா வீட்டிலும் ஊதுவார்கள். ஒருமுறை ஊதினால் போதும். வெள்ளைச் சோளத்துக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று என்று அடம்பிடித்து மூன்று முறை ஊதியவள் அந்த வீட்டில் ஒருத்திதான். ஹோவிதாவுக்கு ஒருமுறை ஊதவே பொறுமை கிடையாது.

“அம்மா, கரிபோ எங்க?”

கரிபோ, ஹோவிதா பிறப்பதற்கு முன்பே செத்துப்போன நாய்.

நிகனோரா பிள்ளையின் முகத்தைக் கையில் ஏந்திப் பார்த்தாள். ஹோவிதாவின் முகம்தான். உள்ளே இருந்து பார்த்தது தொமாசா. நான்கு வருடமாகக் கனவில்கூட வராதவள். அந்த ஒரு நிமிடம், கடவுள் மன்னிக்கட்டும், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வாரி அணைத்துக்கொண்டாள். பிறகுதான் காட்டுக்குள்ளிருந்து வந்த அந்த அழைப்பு ஞாபகம் வந்தது.

மலையிறங்கி ஓடினாள். பெத்ரோனா கொப்பரையிலிருந்து கரண்டியை எடுக்காமலே முழுவதையும் கேட்டாள்.

“அடிப்பாவி. உன்கிட்ட வாய்விட்டுத்தானே கேட்டேன்?”

“வெக்கமா இருந்துச்சுக்கா. இப்ப நான் என்ன செய்ய?”

“ஒரு உடம்புல ஒருத்திதான் குடியிருக்க முடியும். நாளைக்கு ஆளுங்க கதிர் ஒடிக்க வர்றாங்க. தட்டை சாஞ்சா சின்னவளுக்கு நிக்க இடமில்ல, அப்புறம் எந்த மலையில போய்த் தேடுவே? இன்னிக்கே செஞ்சாகணும். பெத்தவ நீ. நீதான் அனுப்பணும்.”

பொழுது சாய்ந்தது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிகனோரா காட்டு விளிம்பில் நின்றாள். தோளில் ஹோவிதாவின் சால்வை. வேறு யாரும் போர்த்தாதது.

“எதுக்கும்மா இங்க வந்தோம்?”

நிகனோரா பிள்ளையின் முன்னால் மண்டியிட்டாள்.

“கையைத் தூக்கும்மா,” என்றாள்.

எப்போதும் போலவே, மறுபேச்சில்லாமல், பிள்ளை இரண்டு கையையும் தூக்கினாள். நிகனோரா சட்டையைக் கழற்றினாள்.

“அனுப்பாதேம்மா. அங்க குளிருது.”

“என் தங்கமே...”

“நான் சமத்தா இருக்கேன். ரெண்டு கிண்ணம் கேக்க மாட்டேன். ஒண்ணு போதும்.”

நிகனோரா சட்டையை ஒரு தட்டையில் மாட்டினாள். சால்வையைப் பிள்ளைக்குப் போர்த்தினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“ஹோவிதா!”

அவள் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. பிள்ளை துவண்டு விழுந்தாள்.

“ஹோவிதா! வாடி! ஓடி வாடி!”

உள்ளே தட்டைகள் சடசடவென்று முறிந்தன. ஓட்டம் நெருங்கியது. நிகனோரா பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். தோளில் இருந்த தலை மெல்ல அசைந்தது.

“அம்மா, அந்தக் கழுதை போயிடுச்சா?”

“போயிடுச்சும்மா.”

பின்னால், சட்டை தொங்கிய இடத்திலிருந்து, இன்னொரு குரல்.

“நான்?”

நிகனோரா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

மறுநாள் ஆட்கள் வந்து மத்தியானத்துக்குள் கதிர் முழுவதையும் ஒடித்துத் தட்டைகளையும் சாய்த்துவிட்டார்கள். தட்டையில் ஒரு சட்டை தொங்கியதா என்று கேட்டாள். அப்படி எதுவும் பார்க்கவில்லை என்றார்கள்.

மாலை அடுப்பு மூட்டினாள். சுண்ணாம்புத் தண்ணீர் கொதித்தது. எதிரே பாயில் ஹோவிதா வாயைத் திறந்துகொண்டு அயர்ந்து தூங்கினாள். நிகனோரா இரண்டு கையிலும் புதுச் சோளத்தை அள்ளினாள். ஊதக்கூடத் தோன்றாமல், பானைக்கு மேல் கையை நீட்டினாள்.

முழங்கைக்குப் பக்கத்தில் சில்லென்று ஒரு மூச்சு பட்டது.

கையிலிருந்த சோளத்தின் உமி பறந்தது.

இன்னொரு மூச்சு.

ஈரமண் வாசனை.

மூன்றாவது.

திரும்பிப் பார்த்தால் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். கண்ணீர் வழிய, அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.