இடது காதில் நுழைந்த இரைச்சல்

“எனக்குக் காது கெட்டுப்போச்சா, இல்ல வீட்டுல யாராவது எனக்க ஹெட்செட்டக் கெடுத்தாவளா? ரெண்டுல எதுன்னு தெரியணும் சார்.”

ஜெஸ்பின் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டாள்.

தக்கலையில், கடைத்தெருவைப் பார்த்த ஒரு மாடியறை அது. குமாரதாஸ் குற்றப்பிரிவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. மேசையின் மறுபக்கம் இருந்த வழக்கறிஞர் பெபிஷா, பத்மநாபபுரம் கோர்ட் முடிந்ததும் கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் இங்கே வந்துவிடுவாள். குமாரதாஸ் ஒரு கேள்வி கேட்பதற்குள் அவள் குற்றவாளியையே பிடித்துவிடுவாள். அநேகமாக அது தவறான ஆளாக இருக்கும். அதற்காக அவள் சோர்ந்ததும் இல்லை.

“இரியுங்க. மொதல்ல இருந்து சொல்லுங்க” என்றார் குமாரதாஸ்.

ஜெஸ்பினுக்கு இரணியல். சிறிய விமானக் கம்பெனி ஒன்றில் துணை விமானி. பறப்பது ப்ரொப்பல்லர் விமானம். பைலட் அறைக்குள் இரைச்சல் அதிகம். கம்பெனியின் எல்லா விமானிகளுக்கும் புதிய ஹெட்செட் வாங்க வேண்டும், மூன்று வகைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பறந்து எது நல்லது என்று சொல் என, அந்தப் பொறுப்பைத் தலைமைக் கேப்டன் அவளிடம் கொடுத்திருந்தார்.

“மொதல் வக காத முழுசா மூடுகது. சத்தத்த நல்லாத் தடுக்கும். ஆனா கூலிங்கிளாஸ் போட்டா கம்பி நெத்திப்பொட்டுல அமுங்கித் தலவலி வரும், வேர்த்து ஊத்தும். ரெண்டாவது காதுக்குள்ள வைக்கது. அதுல மைக் நிக்காது, பேசப் பேசக் கன்னத்துப் பக்கம் ஒதுங்கும். மூணாவது இது.”

அவள் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து வைத்தாள். பின்னந்தலையைச் சுற்றி வரும் மெல்லிய கம்பி, வாய்க்கு முன்னால் நீளும் குச்சிபோன்ற மைக், காதுக்குள் செருக இரண்டு நுரைக் குமிழ்கள், ஓரத்தில் பிரிக்காத உறையில் மாற்று நுரைகள். பெபிஷா கையில் எடுத்துப் பார்த்து வியந்தாள். “ஒரு கோழிமுட்டை கனம்கூட இல்லியே!”

“பாட்டரியும் கெடையாது. இந்த நுரைய விரலால உருட்டிச் சுருக்கிக் காதுக்குள்ள வச்சா, உள்ள போய் விரிஞ்சு அடைச்சிடும். வெளிச் சத்தத்தத் தடுக்கது அதுதான். ரேடியோவுல பேசுகது நடுவுல உள்ள குழாய் வழியா வரும். போட்டிருக்கதே மறந்துபோவும் சார். இதத்தான் எழுதிக் குடுக்க இருந்தேன்.” அவள் குரல் தாழ்ந்தது. “சபையில அசன விருந்துக்கு லீவு போட்டு வீட்டுக்கு வந்தேன். திரும்பிப் போய் பறந்த மொத நாளே, எறங்குற நேரத்துல, ஏர்போர்ட்டுல உள்ள கன்ட்ரோலர் சொன்ன உயரத்துல ஒரு எண்ண மாத்திக் கேட்டுட்டேன். இடது காதுல ஒரே எரைச்சல். கேப்டன் ஒடனே திருத்துனாரு, ஒண்ணும் ஆவல்ல. ஆனா எனக்கு மனசு ஒத்துக்கிடல்ல. காரணம் தெரியாம இனி பறக்கமாட்டேன்னு நானே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்.”

“கேப்டன் சொல்லியா?”

“இல்ல. நானேதான். எனக்குப் பின்னால ஆளுவ இருக்காவல்லா சார்.”

குமாரதாஸ் அவளை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த ஆண்டு கேப்டனாகப் போகிறவள், தன்மேல் தானே தடை போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். “காத டாக்டர் பாத்தாரா?”

“பாத்தாரு. ஒரு கொறையும் இல்ல. ஹெட்செட் கம்பெனிக்காரனும் சோதிச்சான். அவன்கிட்ட உள்ள புது நுரையப் போட்டுக் கருவியில வச்சுப் பாத்துட்டு, எல்லாம் சரின்னு எனக்க பழைய நுரையவே திரும்ப மாட்டித் தந்துட்டான். தரையில, இன்ஜின் ஓடாதப்போ, எனக்கும் நல்லாத்தான் கேட்டுது.”

குமாரதாஸ் வலப்பக்கத்து நுரையை விரலிடையில் வைத்து உருட்டி விட்டார். சுருங்கிய நுரை, தூக்கம் கலைகிறவனைப்போல மெல்ல மெல்ல விரிந்தது. இடப்பக்கத்தை உருட்டினார். விரலை எடுத்ததும் அது சட்டென்று நிமிர்ந்துகொண்டது. இரண்டையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“யார்மேல சந்தேகம்?” பெபிஷாவுக்குப் பொறுக்கவில்லை.

ஜெஸ்பின் தயங்கினாள். “அண்ணன் ஷைஜு. இது ஆபத்துள்ள வேல, தரையில உள்ள ஏதாவது வேலையப் பாருன்னு எப்பவும் சண்ட. போன லீவுல கோவத்துல, ‘உனக்க ஹெட்செட்டு ஒடைஞ்சாலாவது நீ வீட்டுல இருப்பே’ன்னான்.”

படியிறங்கும்போதே பெபிஷா அறிவித்தாள். “அண்ணன்தான் சார். வயர உள்ளுக்குள்ள எங்கயோ நசுக்கியிருக்கான்.”

“வயரு நசுங்கியிருந்தா தரையிலயும் கேக்காதே, பெபிஷா.”

மறுநாள் காலை மூவரும் இரணியலில் அந்த வீட்டுக்குப் போனார்கள். ஷைஜு வாசலிலேயே எதிர்ப்பட்டான். ரயில்வே ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் மேற்பார்வை வேலை. பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அவன் மனைவி ரெஜிலா கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தாள்.

“அவளுக்க பையத் தொறந்தது நான்தான்” என்றாள் ரெஜிலா, யாரும் கேட்காமலே. “யூனிபாரம் தொவைக்க எடுத்தேன். அந்தப் பெட்டி மேல இருந்துது. எடுத்து மேசையில வச்சேன். பெறவு நாங்க மூணு பேரும் அசனத்துக்குப் போனோம். மாமா முட்டு வலின்னு வரல்ல.”

“நான் அதத் தொட்டதுகூட இல்ல” என்றான் ஷைஜு. “கோவத்துல சொன்னது வாஸ்தவம். தங்கச்சி மேல இருக்கா, எனக்கு இஞ்ச ஒறக்கம் வரல்ல. அதுக்காக அவ கேக்க வேண்டியதக் கேக்காம ஆக்குவேனா? அவளுக்கு ஆபத்து வராண்டாம்னுதானே சண்டையே போடுகேன்!”

ஜெஸ்பினின் அப்பா ரசலையன் முன்னறையில் ஜன்னலோரம் இருந்தார். இருபது வருடத்துக்கு மேல் வளைகுடாவில் மின்நிலையத்தில், ஜெனரேட்டர் கூடத்தில் வேலை பார்த்தவர். எதிரே டி.வி.யில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ரெஜிலா அதை அணைத்த பிறகுதான் அறையில் பேச முடிந்தது. ஜன்னல் திட்டில் ஒரு சின்னக் குப்பியில் எண்ணெயும் ஒரு உருண்டை பஞ்சும் இருந்தன. முட்டு வலிக்கு மருந்து என்று பெபிஷா மனதில் குறித்துக்கொண்டாள்.

குமாரதாஸ் ரசலையனுக்கு இடப்பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “மகளுக்க விமானத்துல ஏறியிருக்கியளா?” என்று தம் வழக்கமான மெல்லிய குரலில் கேட்டார்.

“வருமானத்துக்கு என்ன கொறவு?” என்றார் ரசலையன் சிரித்தபடி. “பிள்ளைய ரெண்டும் நல்ல வேல பாக்குதுவ.”

சொல்லிக்கொண்டே நாற்காலியைச் சற்றுத் திருப்பி வலக்கன்னத்தை அவர் பக்கம் காட்டினார். குமாரதாஸ் மேலே எதுவும் கேட்கவில்லை.

வெளியே முற்றத்துக்கு வந்ததும் பெபிஷா அவரை நெருங்கினாள். “சார், கேட்டதுக்குப் பதில் சொல்லாம நழுவுகாரு பாத்தியளா? மகனக் காப்பாத்தப் பாக்காரு.”

“நழுவுகவன் பேச்ச மாத்துவான். இவரு கேட்ட கேள்விக்கே பதில் சொன்னாரு. அவருக்குக் கேட்ட கேள்விக்கு” என்றார் குமாரதாஸ். “எல்லாரையும் முன்னறைக்கு வரச் சொல்லு. ரெஜிலாகிட்ட மிக்சிய எடுத்துட்டு வரச் சொல்லு.”

“மிக்சியா?”

“இன்ஜினுக்கு நம்ம எங்க போவ?”

அனைவரும் கூடினார்கள். மிக்சி மேசைமேல் வந்தது. குமாரதாஸ் இந்த முறை ரசலையனுக்கு வலப்பக்கத்தில், நெருக்கமாக அமர்ந்தார்.

“ஜெஸ்பின், எப்பவும் பைலட் சீட்டுல உக்காந்து எப்பிடிப் போடுவியோ அப்பிடி இதப் போடு.”

அவள் நுரைகளை உருட்டிக் காதில் செருகிக்கொண்டாள். ரெஜிலா மிக்சியை ஓடவிட்டாள். ஜெஸ்பின் முகம் உடனே சுளித்தது. கை இடது காதுக்குப் போனது. “இதேதான்! இடது பக்கம் தொறந்து கெடக்க மாதிரி!”

“நிறுத்து. பெட்டியில உள்ள புது நுரைய இடப்பக்கம் மாட்டு. மறுபடியும் ஓட விடு.”

மிக்சி அலறியது. ஜெஸ்பின் கண்ணை மூடி நின்றாள். பிறகு அவள் முகத்தில் பரவிய நிம்மதியைக் கண்டு ஷைஜுவே ஒரு அடி முன்னால் வந்தான். “சத்தம் அடங்கிட்டு” என்றாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன. “எனக்கக் காது நல்லாத்தான் இருக்கு.”

“டாக்டர் காதப் பாத்தாரு, ஹெட்செட் இல்லாம” என்றார் குமாரதாஸ். “கம்பெனிக்காரன் ஹெட்செட்டப் பாத்தான், அவனுக்க புது நுரையப் போட்டு. ரெண்டு பேரு சொன்னதும் சரி. ரெண்டு பேரும் பாக்காம விட்டது ஒண்ணே ஒண்ணு, உனக்க பழைய இடது நுரை. வலது நுரை மெல்ல விரியும், அதனால காதுல ஒட்டி அடைக்கும். இடது நுரை கையிலயே நிமிர்ந்துடுது. காதுக்குள்ள போறதுக்கு முன்னாலயே விரிஞ்சா எப்பிடி அடைக்கும்? அமைதியா இருக்க இடத்துல அது தெரியாது. இன்ஜின் ஓடினாத்தான் தெரியும்.”

“அப்பம் அதக் கெடுத்தது யாரு சார்?” பெபிஷாவின் கண் ஷைஜுமேல் இருந்தது.

“அந்த நுரையில குளிக்க சோப்புக்க மணம் இருக்கு. சோப்புக்கு அடியில ஒரு எண்ணெய் மணம். எண்ணெய் பட்டுது, கழுவுனாவ, வெயில்ல காயவச்சாவ, நுரை வெறச்சுப்போச்சு. கெடுக்க நெனைக்கவன் கழுவிக் காயவச்சுத் திருப்பி மாட்டமாட்டான், பெபிஷா. ஒரு பொருள எடுத்துப் பாத்துட்டு, அழுக்காயிட்டேன்னு பதறி, பழையபடி ஆக்கி வைக்க நெனச்சவன்தான் கழுவுவான். ஷைஜுவுக்கு இதக் காதுல வச்சுப் பாக்க என்ன தேவ? ரெஜிலாவுக்கு என்ன தேவ? நல்லாக் கேக்கணும்னு ஆசப்படுகவருக்குத்தான் அந்தத் தேவ வரும். அதுவும் இடது காதுக்கு.”

அவர் ஜன்னல் திட்டைப் பார்த்தார். “அந்த எண்ணெய் முட்டுக்கு உள்ளது இல்ல. முட்டுல தடவ இவ்வளவு சின்னக் குப்பி போதாது. காதுல சொட்டு விடுகதுக்கும் பஞ்சு வைக்கதுக்கும் உள்ளது. ‘விமானம்’னு நான் கேட்டது இவருக்கு ‘வருமானம்’னு விழுந்துது.”

ரசலையன் தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்பா?” என்றாள் ஜெஸ்பின்.

“ரெஜிலாகிட்ட நீ சொன்னியே மக்கா,” என்றார் அவர் மெல்ல. “இதப் போட்டா எரைச்சல் எல்லாம் அடங்கி மனுசப் பேச்சு மட்டும் தெளிவாக் கேக்கும்னு. அது எனக்குக் கேட்டுது. ஜெனரேட்டருக்குப் பக்கத்துல நின்னு நின்னு இடது காது போயிட்டு, வலதும் போவுது. நீங்க எல்லாரும் போன பெறவு எடுத்து ரெண்டு காதுலயும் வச்சுப் பாத்தேன். உள்ளதும் கேக்காமப் போச்சு. பயந்து எடுத்தா, இடது நுரை முழுக்க எண்ணெ. சோப்பு போட்டுக் கழுவி, மாடியில காயவச்சேன். பிளேனுல சொருவுனாத்தான் அது பேசும்னு எனக்குத் தெரியாது பிள்ளே.”

“காது கேக்கல்லன்னு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?” ஷைஜு கத்தியேவிட்டான்.

“சொன்னா?” ரசலையன் நிமிர்ந்தார். “தகப்பனுக்குக் காது இல்லன்னு தெரிஞ்சா, ரத்தத்துல உள்ளதுன்னு சொல்லி அவளக் கீழ எறக்கி விட்டுட்டா? அவ எவ்வளவு பாடுபட்டு மேல ஏறுனவ! எனக்கக் காது போனாப் போவட்டும்னு இருந்தேன். கடைசியில அவ காதுக்கு நானே மண்ணப் போட்டேன்.”

“எரைச்சலால போன காது பிள்ளைக்கு வராது” என்றார் குமாரதாஸ். “எனக்குத் தெரிஞ்சது அதுதான். டாக்டர்கிட்டயும் கேட்டுக்கிடுங்க. பல வருசம் யாருக்கும் தெரியாம இத மறச்சு வச்சிருக்கியளே, நான் பிடிச்ச கள்ளனுவகூட இவ்வளவு சாமர்த்தியம் காட்டினதில்ல.” அவர் குரலில் கேலி இல்லை, மரியாதைதான் இருந்தது.

ஜெஸ்பின் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். சிறிது நேரம் அவர் முழங்கையைப் பிடித்தபடி இருந்தாள். பிறகு எழுந்து போனை எடுத்துத் தலைமைக் கேப்டனை அழைத்தாள். எல்லாரும் கேட்கும்படி மேசைமேல் வைத்தாள்.

அவள் ஆங்கிலத்தில் பேசினாள், நிறுத்தி நிதானமாக. காதில் குறை இல்லை, ஹெட்செட்டிலும் குறை இல்லை, இடது நுரை கெட்டிருந்தது என்றாள். யார் கெடுத்தது என்று சொல்லவில்லை. அது தன் பொறுப்பில் இருந்த பொருள். பறப்பதற்கு முன்னால் விரலால் ஒருமுறை உருட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்காதது தன் தவறு என்றாள். மூன்றில் தன் தேர்வு இந்த எடை குறைந்ததுதான், ஆனால் ஒவ்வொரு விமானியும் தனக்கென்று புது நுரை வைத்துக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு முறையும் அதை உருட்டிப் பார்த்த பிறகே காதில் வைக்க வேண்டும் என்று முடித்தாள்.

பெபிஷா இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழியை அடுத்தவர்மேல் தள்ளுகிறவர்களைத் தினமும் கோர்ட்டில் பார்க்கிறவள் அவள்.

மறுமுனையில் கேப்டன் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு சில வாக்கியங்கள் பேசிவிட்டுப் போனை வைத்தார்.

ரசலையன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “என்னவாம்? வேலைக்கு வேண்டாம்னுட்டாரா? எலே ஷைஜு, என்னலே சொன்னாரு?”

ஷைஜு போய் அப்பாவின் நாற்காலிக்கு வலப்பக்கம் குந்தி உட்கார்ந்தான். அவர் தோளில் கையைப் போட்டு, காதோடு வாயை வைத்தான்.

“திங்கக்கிழம வந்து பறக்கச் சொன்னாரு அப்பா! நம்ம பிள்ள சொன்ன ஹெட்செட்டத்தான் எல்லா பைலட்டுக்கும் வாங்கப் போறாவளாம்!”

“மெதுவா” என்றாள் ரெஜிலா. “ரோட்டுல போறவங்க நிக்காவ.”

“நிக்கட்டு!” என்றவன் இன்னும் உரக்கச் சொன்னான்: “தப்ப இப்பிடி நேராச் சொல்லத் தெரிஞ்ச ஆளு ஓட்டுனா, எனக்கப் பிள்ளைகளயும் அந்தப் பிளேனுல ஏத்துவேன்னாரு அப்பா. நம்ம ஜெஸ்பினத்தான் சொன்னாரு. கேட்டுதா? நம்ம ஜெஸ்பின!”

கடைசி வார்த்தையில் அவன் குரல் உடைந்துபோனது. ரசலையன் அதைக் கேட்டார். மகனின் தலையைப் பிடித்துத் தன் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு, “இன்னொரு வாட்டி சொல்லுலே” என்றார்.