மெஷின் ஓடும்போது தட்டக்கூடாது

புதுக்கோட்டையிலிருந்து குன்றாண்டார்கோவிலுக்கு நான் வண்டியை எடுத்தபோது காலை பத்தரை. ஒரு கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, சிப்பின் சூட்டைக் கடத்துவதற்கு அதன்மேல் தடவுகிற தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கும், அதைத் துடைத்து, புதுசு வைத்து மூட வேண்டும். ஒரு மணி நேர வேலை. சித்திரை வெயில் ஹெல்மெட்டுக்குள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. வழியெல்லாம் எனக்கு என்மேலேயே எரிச்சல். அந்த வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை என்று போன வருஷமே முடிவு பண்ணியவன் நான். முடிவு பண்ணி என்ன பிரயோஜனம், பிரவீன்குமார் மூன்று தடவை போன் பண்ணியதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பிரவீன்குமார் கல்யாண வீடியோ எடுக்கிறவன். ஊர்க்கடைசியில் ஒரு பழைய காரை வீட்டை வாடகைக்குப் பிடித்து ஸ்டூடியோ வைத்திருந்தான். முன்கூடம் ஆபீஸ். அதற்குப் பின்னால் ஓர் அறை. ஒரு காலத்தில் நெல் மூட்டை அடுக்கிய அறை அது. ஜன்னல் கிடையாது, தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் உண்டு. அதற்குள்தான் எடிட்டிங் நடக்கும்.

"வாங்க ஜெபக்குமார். எங்க வராமப் போயிருவீங்களோன்னு நெனச்சேன்" என்றான். ஆள் இளைத்திருந்தான். கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது.

"என்ன பண்ணுது கார்டு?"

"தொண்ணூத்தஞ்சு டிகிரி காட்டுது. எடிட்டிங்குக்கு வர்ற பசங்க ரெண்டு நாள்ல ஓடிப்போயிர்றானுங்க. ரூமு வேகுதுங்கிறானுங்க. முகூர்த்த நாளா வருது. பேஸ்ட்டை மாத்தி, போன தடவை மாதிரியே ஸ்பீடை ஏத்தி விட்டுருங்க."

போன தடவை. அதை அவன் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த அறையில் ஏஞ்சல் என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். ஆவூர்க்காரி, இருபத்துநாலு வயசு, மூச்சிரைப்பு உண்டு. பிரவீன் அவளை உள்ளே விட்டு வெளியே தாழ்ப்பாள் போடுவான். வந்து போகிறவர்கள் தொந்தரவு பண்ணக்கூடாது என்று காரணம் சொல்வான். அவன் வைத்த சட்டம் ஒன்றுதான்: மெஷின் ஓடும்போது கதவைத் தட்டக்கூடாது. ஃபேன் சத்தம் வெளியே கேட்டால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். சூடு தாங்காமல் மெஷின் நின்றுபோனால் மட்டும் தட்டலாம். அப்போது திறப்பான். மெஷின் ஆறுகிற பத்து நிமிஷமும் அவள் கொல்லையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்வாள்.

நான் சரி பண்ணப் போன அன்றைக்கு, பிரவீன் அந்தப்பக்கம் போன நேரம் பார்த்து அவள் சொன்னாள்: "அண்ணே, ரொம்ப நல்லாப் பண்ணிராதீங்கண்ணே. அது நின்னாத்தான் கதவைத் தொறப்பாரு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். டீ குடிக்கும்போது அதைப் பிரவீனிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவனும் சிரித்தான். "அப்ப நிக்காத மாதிரியே பண்ணிருங்க" என்றான். எனக்குத் தொழில் திமிர். பண்ணிக் காட்டினேன். பேஸ்ட் மாற்றி, ஃபேனை முழு வேகத்தில் வைத்து, ஓவர்க்ளாக் பண்ணினேன், அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே கார்டை ஓடவைத்தேன். அதையும் ஒரேயடியாக ஏற்றவில்லை. இருபத்தைந்து இருபத்தைந்து மெகாஹெர்ட்ஸாக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பார்த்து, எண்பது டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் நிறுத்தினேன். கார்டுக்கு ஒரு ஆபத்தும் வராது. கார்டு வெளியே தள்ளுகிற சூடெல்லாம் அந்த அறைக்குள்தான் நிற்கும், அங்கே ஏசி ஓடவில்லை என்பதையும் பார்த்தேன். அது என் வேலை இல்லை என்று வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் அந்த அறையிலேயே செத்துப்போனாள். கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது, தூங்குகிறாள் என்று நினைத்தேன் என்று பிரவீன் போலீசில் சொன்னான். என்னையும் ஒரு ஏட்டு விசாரித்தார். "மெஷின் நல்லா இருந்துச்சு சார்" என்றேன். பொய் இல்லை. ஆனால் அந்த உண்மை ஒரு வருஷமாக என் தொண்டையில் முள்ளாய் நின்றது. யாரிடமாவது முழுசாகச் சொன்னால்தான் இறங்கும் என்று தெரியும். சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

சரி, அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன்.

அறைக்குள் நுழைந்ததும் தேங்காயெண்ணெய் வாசனை வந்தது. குளித்து எண்ணெய் வைத்த தலையின் வாசனை, போன வருஷம் ஏஞ்சல் அங்கே உட்கார்ந்திருந்தபோது அடித்த அதே வாசனை. பிரவீனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் நிலைக்கு வெளியிலேயே நின்றுகொண்டான். உள்ளே வரவில்லை.

பிளக்கைப் பிடுங்கினேன். பவர் பட்டனை ஒரு தடவை அமுக்கி மிச்சக் கரன்ட்டை இறக்கினேன். கேபினட்டின் இரும்பைத் தொட்டு உடம்பிலிருக்கிற ஸ்டாட்டிக்கைப் போக்கிக்கொண்டு, கார்டை ஓரத்தில் பிடித்து வெளியே எடுத்தேன். திருகின்மேல் நான் போன வருஷம் ஒட்டிய சீல் அப்படியே இருந்தது. என் கையெழுத்து, தேதி, எதுவும் கிழியவில்லை. என்னைத் தவிர ஒருத்தரும் அதைத் திறக்கவில்லை.

நாலு திருகையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, சிப்பின் சூட்டை வாங்கிக்கொள்கிற உலோகக் கட்டியை, ஹீட் சிங்கை, தூக்கினேன்.

பேஸ்ட் காயவே இல்லை. நேற்று வைத்ததைப் போல ஈரமாக இருந்தது.

அதில் விரல் பதிந்திருந்தது.

ஒன்றில்லை, நாலு விரல். மெலிந்த விரல்கள். மேலிருந்து கீழே இழுத்த தடம். மூடிய கதவை உள்ளேயிருந்து பிறாண்டினால் விழுகிற தடம் அது.

பொட்டு அளவுதான் சிப். அதற்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையாது. அந்தச் சின்ன இடத்துக்குள் நாலு விரலும் அச்சுப் பிசகாமல் அடங்கியிருந்தன. அவசரமாக ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்தேன். மூன்று தடவை துடைத்தேன். கண்ணாடி மாதிரி ஆனபிறகு புதுப் பேஸ்ட் வைத்து, திருகுகளை எதிரெதிராக முடுக்கி, கார்டைச் சொருகி மெஷினைப் போட்டேன். கார்டு முழு மூச்சில் வேலை செய்யும்படி முழு லோடு கொடுத்தேன்.

முப்பத்தேழு டிகிரி.

முழு லோடில் எந்தக் கார்டும் முப்பத்தேழில் நிற்காது. அந்த வெயிலில் சும்மா கிடந்தாலே நாற்பதுக்கு மேல் காட்டும். ஹீட் சிங்கைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லாத ஒரு பிள்ளையின் நெற்றி எப்படி இருக்கும், அந்தச் சூடு. ஆனால் அறையின் சூடு ஏறிக்கொண்டே போனது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இழுக்கிற மூச்சில் காற்றே இல்லை.

ஃபேன் சத்தமும் மாறியது. ஒரே சீராக ஓட வேண்டிய ஃபேன் இழுத்தது, நின்றது, திரும்ப இழுத்தது. அதற்கு நடுவில் சன்னமாய் ஒரு விசில்.

மூச்சிரைப்பு உள்ளவர்கள் வீட்டில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

பையைக்கூட எடுக்காமல் வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. நானும் பிரவீனும் கூடத்தில் நின்றோம். உள்ளே யாரும் இல்லை.

டொக். டொக். டொக்.

உள்ளேயிருந்து.

பிரவீனின் முகத்தில் ரத்தமே இல்லை. "ஒங்களுக்கும் கேக்குதா?" என்று கிசுகிசுத்தான்.

"கேக்குது."

"அன்னைக்கும் இப்புடித்தான் தட்டுனா." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு கையை எடுத்தான். "நான் இங்கனதான் உக்காந்து சாப்புட்டுக்கிட்டு இருந்தேன். தாழ்ப்பா போட்டுத்தான் இருந்துச்சு. ஃபேன் சத்தம் கேட்டுச்சுங்க. மெஷின் ஓடுதே, எதுக்குத் தட்டுறான்னு கோவம். திமிருன்னு நெனச்சேன். கை கழுவிட்டுப் போய்த் தொறந்தா..."

 தட்டுவது நிற்கவில்லை. அவசரமே இல்லாமல், ஒரே மாதிரி, ஆள் வந்து திறக்கும்வரை இங்கேதான் இருப்பேன் என்பதுபோல் தட்டிக்கொண்டிருந்தது. பிரவீனுக்குப் பயம் போய் வெறி வந்துவிட்டது. "ஒரு வருஷமா என் உசுர வாங்குறா. அந்தச் சனியனை இன்னைக்கு ஒடச்சுப் போட்டுர்றேன்" என்று மூலையில் கிடந்த கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு கதவைத் தள்ளி உள்ளே போனான்.

"வேணாங்க, போகாதீங்க" என்று நான் எட்டிப் பிடிப்பதற்குள் கதவு மூடியது.

தாழ்ப்பாள் நகர்ந்தது. மெதுவாக, துருவைத் தேய்த்துக்கொண்டு, முழுசாக வந்து கொக்கியில் விழுந்தது.

தாழ்ப்பாள் என் பக்கம் இருந்தது. அதை யாரும் தொடவில்லை.

"ஜெபக்குமார், தொறங்க." முதலில் அதட்டலாகத்தான் கேட்டான். நான் தாழ்ப்பாளைப் பிடித்தேன். தோசைக்கல்லில் கை வைத்தது போலப் பொரிந்தது. துண்டைச் சுற்றி இழுத்தேன், அசையவில்லை. ஒரு கல்லை எடுத்து வந்து அடித்தேன். கல்தான் உடைந்தது.

மெயின் ஸ்விட்ச் ஞாபகம் வந்தது. வாசலுக்கு ஓடி அதை இறக்கினேன். போதாதென்று இரண்டு ஃப்யூஸ் கட்டைகளையும் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டேன். கூடத்து ஃபேன் நின்றது, விளக்கு அணைந்தது.

உள்ளே அந்த ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"மூச்சு விட முடியலங்க. தண்ணி... தொறங்களேன்." இப்போது அவன் தட்டினான். இரண்டு கையாலும் தட்டினான். நானும் இந்தப்பக்கம் நின்று தட்டினேன், ஏஞ்சல் ஏஞ்சல் என்று கூப்பிட்டேன், விட்டுடும்மா என்று கெஞ்சினேன். மரப்பலகையில் காதை வைத்தபோது மறுபக்கத்தில், என் காதுக்கு நேராக, அவள் குரல் மரியாதையாகச் சொன்னது:

"மெஷின் ஓடும்போது தட்டக்கூடாதுண்ணே."

கையை இழுத்துக்கொண்டேன். நான் தட்டுவதை நிறுத்தினேன். அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். உள்ளே பிரவீன் தட்டுவது குறைந்தது, பிறகு நகத்தால் சுரண்டுகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. ஃபேன் நின்றது. தாழ்ப்பாள் தானே விலகியது.

கதவைத் திறந்தேன். அறை மார்கழி விடியல் மாதிரி ஜில்லென்று இருந்தது. வாசற்படிக்குள்ளேயே பிரவீன் குப்புறக் கிடந்தான். அவன் உடம்பைத்தான் தொட முடியவில்லை, அப்படிக் கொதித்தது.

வெப்ப வாதம் என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். வெயில் காலத்தில் நடக்கிறதுதான் என்று டாக்டர் சொன்னார். ஒருத்தரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் என்னை அறுத்தது. இரண்டு நாள் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஆவூருக்கு வண்டியை விட்டேன். அவள் அப்பாவிடம் சொல்லி இறக்கிவைத்துவிட்டால் நிம்மதி என்று நினைத்தேன்.

ஏஞ்சலின் அப்பா சந்தனசாமி ரிட்டயரான வாத்தியார். மனைவி இல்லை, பிள்ளையும் போய் ஒற்றை ஆளாக இருந்தார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். எதற்கு வந்தாய் என்று கேட்கவே இல்லை.

நான் சொன்னேன். வெளியே தாழ்ப்பாள் போட்டது, ஏசி ஓடாதது, அவள் தட்டியது, பிரவீன் திறக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, எல்லாம் சொன்னேன். அவன் செத்ததையும் சொன்னேன். அவர் கண்ணைத் துடைக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

என் பங்கு வந்தபோது நிறுத்திக்கொண்டேன். அந்தப் பிள்ளை என்னை நம்பிச் சொன்னதை அவனிடமே சொல்லிச் சிரித்தேன் என்று ஒரு தகப்பனிடம் எப்படிச் சொல்வது? செத்தவன் தலையில் எல்லாம் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அவ்வளவுதானாய்யா?" என்று கேட்டார்.

"அவ்வளவுதாங்க ஐயா."

அவர் என் தோளுக்குமேல், உள்ளறைப் பக்கம் முகத்தைத் திருப்பி, சமையல்கட்டில் இருக்கிற பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்:

"பாப்பா, இவரு அவ்வளவுதாங்கிறாரும்மா."

உள்ளே யாரோ பாயிலிருந்து எழுந்து வெறுங்காலோடு நடந்து வருகிற சத்தம் கேட்டது.

நான் மிச்சத்தையும் சொல்ல ஆரம்பித்தேன். நடை நிற்கவில்லை.