குந்துப்பள்ளம்

மானாம்பதி போகிற ரோட்டில் ஷேர் ஆட்டோ எங்களை இறக்கிவிட்டபோது வெயில் தாழவில்லை. துரைத் தோட்டத்துக் கேட்டுக்குப் புதுசாகப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். இத்தனை காலமும் அந்த மதிலை நான் வெளியே இருந்துதான் பார்த்திருக்கிறேன். மதிலை ஒட்டி வரப்பு வெட்டியிருக்கிறேன், நாற்றுக்கட்டு சுமந்து போயிருக்கிறேன். உள்ளே கால் வைத்ததில்லை. இப்போது யாரோ வாங்கிச் சுத்தம் பண்ணி, டிக்கெட் போட்டு ஜனங்களை விடுகிறார்கள்.

என் மகள் ஷாரோனுக்கு அடுத்த வாரம் கல்யாணம். மாப்பிள்ளையோடு போட்டோ எடுக்க இந்த இடம்தான் வேண்டும் என்று அடம் பிடித்தாள்.

மாப்பிள்ளை ஆல்வின் செங்கல்பட்டுப் பையன். "அங்க இன்னா மாமா கீது, வெறும் புல்லு. மகாபலிபுரம் போனா கடலாவது வரும்" என்றார்.

எனக்கு ஆசைதான். "எங்க பாட்டன் பூட்டன் வெட்டின தோட்டம். டிக்கெட் வாங்கிக்கினு முன்வாசல்ல போய்ப் பாத்தா இன்னா?" என்றேன்.

என் பெண்ஜாதி பிரிஸ்கில்லா மட்டும் வேண்டாம் என்றாள். "ஊர்க்காரங்க போனா ஒண்ணும் ஆவாது. நாம போனா அது வேற."

"எதுக்கெடுத்தாலும் உன்னோட பேஜார்" என்றேன்.

"பேஜார்தான். அங்க போய் இடிஞ்ச கோயில் முன்னாடி நின்னு போட்டோ எடுக்கணுமாம். நம்ம வூடு தானாவே இடிஞ்சிக்கினு கீது, அது முன்னாடி நிக்கச் சொல்லு. டிக்கெட்டாவது மிச்சம்."

ஷாரோன் விழுந்து விழுந்து சிரித்தாள். அதோடு பேச்சு முடிந்தது. பெண்ணைத் தனியாக விடமாட்டேன் என்று பிரிஸ்கில்லாவும் கூடவே கிளம்பி வந்துவிட்டாள்.

கேட்டில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார் தாண்டவராயன். ஏரிக்கரை ஓரம் நிலம் வைத்திருக்கிறவர். "வா பெஞ்சமின். உள்ள போய்ப் பாரு, ஊட்டி மாதிரி கீது. எங்க வூட்டு ஜனம் வாராவாரம் வருது. உங்க காலனிப் பசங்கதான் பாதியில எய்ந்து ஓடுறானுங்க. இன்னா கொறன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டறானுங்க."

உள்ளே ஒரு போர்டு. வயசான பிறகு கற்ற எழுத்து எனக்கு. விரல் வைத்து மெதுவாகப் படித்தேன். துரை தன் தேசத்துத் தோட்டம் மாதிரியே இதைப் போட்டாராம். பங்களாவிலிருந்து பார்த்தால் புல்லும் மதிலுக்குள்ளேயே இருந்த துரையின் வயலும் ஒரே விரிப்பாகத் தெரிய வேண்டும் என்று வேலி கட்டாமல் பள்ளம் வெட்டினாராம். மாடுகள் ஏறி வராமல் இருக்க மாட்டுப்பள்ளம்.

"மாட்டுக்காம்" என்றாள் பிரிஸ்கில்லா. "மணி அடிச்சா மாடு எறங்கிக் குந்துமா?"

"இன்னா மணி மா?" என்றாள் ஷாரோன்.

பிரிஸ்கில்லா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். காவாந்தண்டலத்தில் அவள் தாய்வீட்டு ஜனம் அதற்கு வைத்த பேர் குந்துப்பள்ளம். துரைசானி உலாத்த வரும்போது மணி அடிப்பார்கள். வேலை செய்கிற ஜனம் அவள் கண்ணில் படக்கூடாது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பள்ளத்தில் இறங்கி, சுவரைப் பார்த்து, தலைமேல் கை வைத்துக் குந்த வேண்டும். மறுமணி அடித்தால்தான் எழுந்திருக்கலாம்.

"ஒரு நாளு மறுமணி அடிக்க மறந்துட்டாங்க. மள கொட்டுது. பள்ளத்துல தண்ணி ஏறுது." மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒருத்தரும் எய்ந்திருக்கல."

ஷாரோன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. ஆனால் போட்டோ எடுக்கும் தினேஷ்குமார் தூரத்தில் கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

போனோம்.

அழகான இடம்தான். பொய் சொல்லக்கூடாது. மேடும் தாழ்வுமாகப் புல், வளைந்து போகிற குளம், குளத்துக்கு அந்தப் பக்கம் இடிந்த மாதிரியே கட்டின கோயில். பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். ஒரு மேட்டில் இரும்புக் கூண்டு நின்றது. மணி தொங்க வேண்டிய இடத்தில் வெறும் கொக்கி. பள்ளம் எங்கே என்று தேடினேன். கண்ணுக்குத் தெரியவே இல்லை. புல் நேராகப் போய் வயலில் சேர்ந்த மாதிரி இருந்தது.

ஷாரோன் வெள்ளைப் புடவையில் நின்றாள். ஆல்வின் ஏதோ சொல்ல அவள் அவர் தோளில் ஒரு தட்டு தட்டினாள். "அப்பிடியே, அப்பிடியே! கொஞ்சம் லெஃப்ட்ல வாங்க" என்று தினேஷ்குமார் கத்தினான்.

அப்போதுதான் மரத்தைப் பார்த்தேன். பொழுது இருக்கும்போதே இலையெல்லாம் மூடிக்கொண்டிருந்தது.

மைனா சத்தம் நின்றுபோனது.

ஈரக் களிமண் வாசனை வந்தது. ஏரியெல்லாம் வெடித்துக் கிடக்கிற சித்திரை மாசம் அது.

மணி அடித்தது.

ஒரே ஒரு அடி.

"சிரிங்க மேடம், இன்னா ஆச்சு?" என்றான் தினேஷ்குமார். அவனுக்குக் கேட்கவில்லை. ஆல்வினுக்கும் கேட்கவில்லை. ஷாரோன் அவர் கையை உதறிவிட்டுத் திரும்பினாள். யாரோ அதட்டின மாதிரி தலை குனிந்து வேகமாக நடந்தாள். புல் நடுவில் போய்க்கொண்டே இருந்தாள்.

பிறகு அவள் இல்லை.

புல்தான் இருந்தது. ஒரே விரிப்பாக.

ஓட நினைத்தேன். ஆனால் ஓடியது நான் இல்லை, என் கால். புல் சட்டென்று அறுந்து காலடியில் பள்ளம் வாயைத் திறந்தது. இந்தப் பக்கம் ஆள் உயரத்துக்குச் செங்கல் சுவர், அந்தப் பக்கம் சரிவு. கீழே ஷாரோன் சுவரைப் பார்த்துக் குந்தியிருந்தாள். இரண்டு கையும் தலைமேல். எனக்கு முன்னாலேயே பிரிஸ்கில்லா இறங்கிவிட்டிருந்தாள். போகவே வேண்டாம் என்றவள்.

நானும் குந்தினேன். வேண்டும் என்று குந்தவில்லை. முட்டி தானாக மடங்கியது.

பக்கத்தில் இடம் இல்லை. இடம் இல்லை என்று எப்படித் தெரிந்தது என்றால் சொல்லத் தெரியாது. யாரோ தோளை ஒடுக்கி எனக்கு வழி விட்டார்கள்.

"தள்ளிக் குந்து நைனா" என்றது ஒரு குரல். அன்பாகத்தான் சொன்னது. "தலையத் தூக்காத. பாத்துடுவா."

"தண்ணி ஏறுது நைனா" என்று முனகினாள் ஷாரோன். தரை காய்ந்து கிடந்தது.

"எய்ந்திரும்மா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாயில் வந்தது, "மறுமணி அடிக்கட்டும்."

ஆல்வின் மேலே இருந்து குதித்தார். "ஷாரோன், இன்னா வெளாட்டு இது?" என்று கையைப் பிடித்து இழுத்தார். அவள் அசையவில்லை. மூட்டை தூக்குகிறவன் மாதிரி இடுப்பில் கை கொடுத்து, மூச்சு முட்ட அவளைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறினார். திரும்பி வந்து எங்களையும் ஒவ்வொருவராக இழுத்துவிட்டார். மேலே வந்து பார்த்தபோது ஷாரோன் புடவை இடுப்பு வரைக்கும் நனைந்திருந்தது.

கேட்டில் தாண்டவராயன் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "மணியா? மணிய எங்க பாட்டன் காலத்துலயே வித்துட்டாங்க. நல்லாத்தானே கீது எடம்? உங்களுக்கு ரசிக்கத் தெரியல."

ஆல்வின் எங்களை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். ரோட்டுக்கு வந்த பிறகு பிரிஸ்கில்லாவிடம் போய், "அத்த, இங்க வர வேணாம்னு நீங்க சொன்னது சரி. கல்யாணத்தன்னிக்கு சர்ச்சுல மணி அடிக்க வேணாம்னு சொல்லிடலாம்" என்றார். அந்தப் பையனிடம் பெண்ணைக் கொடுக்கலாம் என்று எனக்கு அப்போதுதான் நிச்சயம் வந்தது.

தாலி கட்டும்போது மணி அடிப்பது எங்கள் சபை வழக்கம். பிரிஸ்கில்லா போய்ச் சொன்னதும் மணிக்கயிற்றைச் சுருட்டி மேலே ஆணியில் மாட்டிவிட்டார்கள். நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

கல்யாணத்தன்று காலையில் நல்ல வெயில். காலனி ஜனம் எல்லாம் வந்திருந்தது. இடப்பக்கம் நாங்கள், வலப்பக்கம் மாப்பிள்ளை வீட்டார். பாதிரி ஐயர் ஜெபித்துத் தாலியை ஆல்வின் கையில் கொடுத்தார்.

ஈரக் களிமண் வாசனை வந்தது.

மணி அடித்தது.

வலப்பக்கம் ஒருத்தரும் அசையவில்லை. இடப்பக்கம் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. எங்கள் ஜனம் முழுக்கத் தரையில் குந்தி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியது. நானும்தான். பெண்வீட்டார் முழங்கால் போடுகிறார்கள் என்று நினைத்து ஐயர் கண்ணை மூடிக்கொண்டார்.

கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தேன்.

ஷாரோன் நின்றுகொண்டிருந்தாள்.

முட்டி மடங்கி மடங்கி வந்தது. ஆனால் நின்றாள். ஆல்வின் ஒரு கையால் அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நில்லு, நான் கீறேன், நில்லு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் முந்தானை மட்டும் கீழே விறைப்பாக இழுபட்டது. அதன் ஓரத்தை ஒரு கை இறுக்கிப் பிடித்திருந்தது. சேறு படிந்த, காய்ப்பு ஏறின கை. மண்வெட்டி பிடித்த கை.

என் கைதான் என்று நினைத்தேன். விடு, விடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் இரண்டு கையும் என் தலைமேல் இருந்தன.