கிணற்று மேட்டுக் கல்

கசிவு பார்ப்பதற்காகக் காலையில் கணுக்கால் முங்கக் கட்டி நிறுத்திய தண்ணீர், கடைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் காணாமல் போயிருந்தது.

குளியலறை வாசலில் சிமெண்ட் வைத்துக் கட்டிய சின்ன வரப்பு அப்படியே இருந்தது. வடிகால் ஓட்டையில் சாக்குத்துணியைத் திணித்து, களிமண் அப்பி, அதன் மேல் செங்கல்லும் வைத்திருந்தான் பாக்கியராஜ். அதுவும் அசையவில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சுவரில் அவன் போட்ட பென்சில் கோடு மட்டும், வராத விருந்தாளிக்குப் போட்ட இலை மாதிரி வெறுமனே இருந்தது. குனிந்து தரையைத் தொட்டான். பொட்டு ஈரம் இல்லை. விரல் நுனித் தோல்தான் சுருக்கென்று இழுத்தது. வெளியே ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது, நாலு நாளாகக் கொடியில் கிடந்த வேலைத்துணி காயவில்லை, சுவரெல்லாம் ஓதம் பூத்து வீடு முழுக்க ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது. அந்த வீட்டில் காய்ந்து கிடந்த ஒரே இடம், தண்ணீர் நிற்க வேண்டிய இடம்.

எந்த முட்டாள் திறந்துவிட்டான் என்பதுதான் அவனுக்கு முதலில் தோன்றியது. உலகத்தில் எது தப்பாகப் போனாலும் அதைச் செய்த முட்டாளை அவன் உடனே தேட ஆரம்பித்துவிடுவான். இதுவரை அந்தத் தேடலில் அவன் பெயர் ஒருமுறைகூட அடிபட்டதில்லை.

அப்போது அந்தப் புது வீட்டில் இருந்தது அவனோடு வேலைக்கு வந்திருந்த மனைவி ஜெபராணி மட்டும். கீழே வேலைச் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாடிப்படியிலிருந்தே சத்தம் போட்டான்.

"அடைப்ப யாரு எடுத்தது?"

"நான் மேலயே வரலீங்க," என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "சாப்பாட்டு ரூம்ல பாத்தீங்களா? தண்ணி எறங்கியிருந்தா அங்கதானுங்க தெரியும்."

அவன் பார்த்தான். குளியலறைக்கு நேர் கீழே இருந்தது சாப்பாட்டு அறை. கூரையில் புதுப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. ஒரு திட்டு இல்லை, ஒரு கசிவு இல்லை. தண்ணீர் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. நடுவே இருந்தது ஒரு சாண் காங்கிரீட்டும் அவன் பதித்த கல்லும்தான்.

வடவள்ளி தாண்டி, மலை தெரிகிற மாதிரி அந்த வீட்டைக் கட்டியவர் சுந்தரராஜுலு. பம்பு கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க பிளாஸ்டிக் வாளியில் மொண்டு குளித்த மனுஷனுக்கு அறுபது வயதுக்கு மேல் இயற்கையின் மேல் காதல் பிறந்திருந்தது. டைல்ஸ் கடைச் சாமான் வேண்டாம், மண்ணிலிருந்து வந்த கல் வேண்டும், சின்னச் சின்னத் துண்டாக மொசைக் போட வேண்டும், பேரப்பிள்ளை காலம் வரை உழைக்க வேண்டும். பாக்கியராஜ் அவரை மனசுக்குள் எள்ளி நகையாடிக்கொண்டே வேலையை ஒப்புக்கொண்டான். அவரை மட்டுமா? கல்லைத் தட்டிப் பார்க்கத் தெரியாத இன்ஜினீயர்கள், படம் வரைந்து கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போகிறவர்கள், மற்ற டைல்ஸ்காரர்கள் எல்லாரும் அவன் கணக்கில் பதர்கள்தான்.

அந்தத் திமிரில்தான் வாயைக் கொடுத்திருந்தான். நாலு பேர் இருக்கையில் சுந்தரராஜுலுவிடம், "ஒரு சொட்டு எறங்கினாலும் நானே சுத்தியல் எடுத்து ஒடச்சுப்போட்டு, இந்தத் தொழிலையே உட்டர்றேனுங்க" என்றான். வெள்ளிக்கிழமை வீடு குடிபுகுகிறார்கள். இன்றைக்குச் சாயங்காலம் அவர் வந்து கட்டிய தண்ணீரைப் பார்க்கப் போகிறார். நின்றால் கோயமுத்தூரில் கல் மொசைக் என்றால் பாக்கியராஜ். நிற்காவிட்டால் சுத்தியல்.

"கல்லுதானுங்க குடிக்குது," என்றாள் ஜெபராணி.

"கல்லு குடிக்குதா? அப்பறம் பசிச்சா இட்லி கேக்குமா?"

"ட்ரம்முல போட்டப்பவே சொன்னனுங்களே. நீங்க காதுலயே வாங்கலீங்க."

சொல்லத்தான் செய்தாள். போத்தனூரில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில்தான் கல்லை வாளால் அறுத்து, கட்டம் கட்டமாகத் துண்டாக்கி, முனை மழுங்குவதற்காகத் தண்ணீரும் மணலும் சேர்த்துச் சுழலும் டிரம்மில் போடுவார்கள். திறந்தால் சேறும் சகதியுமாகத்தான் கொட்டும். இந்தக் கல்லைப் போட்டபோது டிரம்மிலிருந்து புழுதி பறந்தது. அப்புறம் அவள் துண்டுகளை வலைத்துணி மேல் ஒட்ட உட்கார்ந்தாள், தடவிய கையோடு பசை காய்ந்தது. அவள் விரல்களில் வெடிப்பு விழுந்து, வெடிப்பிலிருந்து ரத்தம்கூட வரவில்லை. தேங்காய் எண்ணெய் தடவினாள். எண்ணெயும் நிற்கவில்லை. பொம்பளைகளுக்கு வேலை செய்யக் கள்ளம் என்று அவன் அதற்கு ஒரு பெயர் வைத்தான்.

கல் வந்தது பல்லடம் பக்கம் வேலன் என்கிற தோட்டத்துக்காரரின் கிணற்று மேட்டிலிருந்து. கிணறு வெட்டும்போது உடைத்து எடுத்த பாறையை மேலே குவித்து வைத்திருப்பார்களே, அந்த மேடு. சாம்பலில் ரோஸ் கலந்து, கருப்புப் பொடி தூவினாற்போல அழகான கல். வேலன் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"எங்கப்பாரு காலத்துல இருந்து வெட்டினதுங்க. அத்தன ஆழம் போயும் ஒரு ஊத்துகூடக் கண்ணுல படலீங்க. உள்ள வெட்டறவங்களுக்கு எறக்கி உட்ட தண்ணிக் கொடந்தான் எறக்க எறக்கக் காலியாச்சு. கொண்டுட்டுப் போங்க, இடமாச்சும் ஆகட்டும்."

அவன் கல் ஏற்றப் போனதற்கு முந்தின நாள் அங்கே நல்ல மழை. தோட்டம் முழுக்கச் சேறு. மேடு மட்டும் வெளுத்துக் காய்ந்து கிடந்தது, ஒரு புல் இல்லை, ஒரு பாசி இல்லை. சுத்தமான சரக்கு என்று பாக்கியராஜ் சந்தோஷப்பட்டான். கிணறு வெட்டக்கூடத் தெரியாத ஆள் என்று லாரியில் வரும்போது வேலனைப் பற்றிச் சொல்லிச் சிரித்தான்.

மத்தியானம் மறுபடி தண்ணீர் கட்டினான். இந்த முறை வாசலிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தான். கண்ணில் மண்ணைத் தூவப் பார்ப்பவர் யாரென்று ஒரு கை பார்த்துவிடுவது என்ற வீறாப்பு. குழாயை மூடியதும் தண்ணீர் ஆடி அடங்கி, ஜன்னல் வெளிச்சம் அதில் விழுந்து, கல்லின் ரோஸ் நிறம் அடியில் இறைச்சிக் கடைப் பலகை மாதிரி மினுங்கியது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மழைக்கு அடியில் இன்னொரு சத்தமும் இருப்பது தெரிந்தது. அவனுக்குத் தெரிந்த சத்தம்தான். தொட்டியில் மாடு வாய் வைத்து, மூச்சு விடாமல், தொண்டை வரை இழுக்கிற சத்தம். ஒரு மாடு அல்ல. ஒரு பட்டியே வரிசையாக நின்று குடிக்கிற மாதிரி, அறையின் நாலு மூலையிலிருந்தும், மெதுவாக, அவசரமே இல்லாமல்.

தண்ணீர் கோட்டை விட்டு இறங்கியது. கண்ணெதிரே.

கூரையிலிருந்து ஒரு பல்லி தொப்பென்று விழுந்தது. கடைசித் தண்ணீரில் இரண்டு முறை நெளிந்தது. தண்ணீர் போனது. பல்லி கல்லோடு ஒட்டி நின்றது, வாலை ஒரு தடவை தூக்கியது. அப்புறம் தூக்கவில்லை. அவன் கொத்துக் கரண்டியால் நெம்பியபோது அது பெயர்ந்து வந்தது, ஜன்னல் காற்றில் சருகாகப் பறந்து சுவரில் மோதியது.

பாக்கியராஜுக்குப் பயம் வந்தது. ஆனால் அவன் பயத்துக்கும் கோபத்துக்கும் ஒரே முகம்தான். சீலர் டப்பாக்களைத் தூக்கிவந்தான். கல்லின் துளைகளை அடைக்கும் மருந்து அது, இரண்டு பூச்சு போதும். ஒன்றைக் கவிழ்த்தான், போனது. இன்னொன்றையும் கவிழ்த்தான், போனது. வாடைகூட மிஞ்சவில்லை.

ஜெபராணி பின்னால் வந்து நின்றிருந்தாள். "ஒடச்சுப்போடலாமுங்க."

"என்ன?"

"இது வேண்டாமுங்க. ஊட்டுல கொழந்தைக வரும், தண்ணி வாத்துக்க உக்காரும். எனக்கு மனசே சரியில்லீங்க. ஜெபம் பண்ணக்கூட நாக்கு ஒட்டிக்குது. ஒடச்சுப்போட்டு வேற கல்லு போட்டுத் தந்தர்றோம்னு சொல்லுங்க. அவரு ஒண்ணும் சொல்லமாட்டாருங்க."

"அவரு சொல்லமாட்டாரு. ஊரு சிரிக்கும்." அவளை மேலும் கீழுமாகப் பார்த்தான். "உனக்கென்ன, பசை தடவறவ. பேரு என்னுது."

அவள் வெடித்த விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அந்த மறைப்பு அவனுக்கு எரிச்சலாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. பாவத்தை மென்று விழுங்கிவிட்டான்.

இருட்டுவதற்கு முன்பே வாசலில் கார் வந்து நின்றது. அதற்குள் அவன் மூளை வேலை செய்து முடித்திருந்தது. அவசரமாக அவள் கையில் ஹோஸ் பைப்பைத் திணித்தான்.

"உள்ள போய் உக்காரு. கோடு வரைக்கும் ரொப்பு. அப்பறம் கொறையக் கொறைய ஊத்திட்டே இரு. கோட்டுக்குக் கீழ எறங்கக் கூடாது. நான் அவருகிட்டப் பேசி, கூரையக் காட்டிட்டுக் கூட்டியாரேன். ஒரு பார்வை பாத்தாப் போதும்."

"உள்ளயுங்களா?" அவள் தரையைப் பார்த்தாள். "வாசல்ல நின்னே ஊத்தறனுங்க."

"கொழாய் மூலையில இருக்குது, பைப்பு வாசலுக்கு எட்டாது. கல்லு கடிச்சுத் தின்னுபோடுமா? போ."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பைத் தாண்டினாள். கால் பட்டதும் ஒருமுறை நின்றாள். அப்புறம் மூலைக்குப் போய்க் குந்தி உட்கார்ந்து பைப்பைத் திறந்தாள். சத்தம் கீழே கேட்கக் கூடாதென்று அவன் கதவைச் சாத்தினான்.

சுந்தரராஜுலு குடையை மடக்கிக்கொண்டே வந்தார். "என்னப்பா, தண்ணி நிக்குதா?"

"நிக்காம எங்கீங்க போகும்? மொதல்ல கூரையப் பாருங்க."

அவர் சாப்பாட்டு அறையில் அண்ணாந்து பார்த்தார். கையை உயர்த்தி எட்டிய மட்டும் சுவரையும் தடவிப் பார்த்தார். தலையாட்டினார். இந்த மாதிரிக் கூரை பார்த்ததில்லை என்றார். பாக்கியராஜுக்கு உச்சி குளிர்ந்தது. கல்லை எங்கிருந்து தேடிப் பிடித்தான், எப்படி அறுத்தான் என்று அவன் விவரிக்க ஆரம்பித்தான். கதவைச் சாத்தியும் மேலே பைப் ஓடுகிற சத்தம் அவன் காதுக்குச் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு பைப் இருமியது.

காற்று வந்தது. மறுபடி இருமியது. மொட்டைமாடியில் டேங்க் காலியாகிவிட்டது. காலையில் தளும்பத் தளும்ப நிரப்பிய டேங்க். பாக்கியராஜின் பேச்சு ஒரு நொடி தடுக்கியது, ஆனால் அவர் இன்னும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் பாராட்டிக்கொண்டிருந்தார். இப்போது போனால் அவரும் கூடவே வருவார். காய்ந்த தரையைப் பார்ப்பார்.

பைப் நின்றது.

அந்தச் சத்தம் ஆரம்பித்தது. மாடுகள் இழுக்கிற சத்தம். இப்போது அவசரமாக.

"ஏனுங்க."

மெல்லிய குரல். கதவுக்குப் பின்னாலிருந்து.

"மேல யாரு? உங்க ஊட்டம்மாவா? கூப்பிடறாங்க பாரு," என்றார் சுந்தரராஜுலு.

"அவளுக்கு அதே வேலைங்க. நீங்க இந்த மூலையப் பாருங்க."

"ஏனுங்க." இன்னும் மெல்லிசாக. காகிதம் கிழிகிற மாதிரி.

அவன் பேசினான். அறுப்பதைப் பற்றிப் பேசினான். ஒட்டுவதைப் பற்றிப் பேசினான். தன் குரலே தனக்குக் கேட்கவில்லை. காது முழுக்க மேலேதான் இருந்தது.

சத்தம் நின்றது.

மழையும் விட்டிருந்தது. வீடே மூச்சை அடக்கிக்கொண்டது.

"நான் மொதல்ல போய் லைட்டப் போடறனுங்க," என்றான். படியேறினான். கதவு கனக்கவில்லை. தொட்டதும் திறந்தது.

தண்ணீர் நின்றது.

பென்சில் கோடு வரை. அலை இல்லை. அசைவு இல்லை. ஒரு மயிரிழை இறங்கவில்லை. டேங்க் காலி. பைப் காலி. தண்ணீர் மட்டும் இருந்தது. அறையில் தேங்காய் எண்ணெய் வாடை. வேர்வை வாடை. வரப்பைத் தாண்டிக் காலை வைத்தான். வெதுவெதுவென்று இருந்தது. குழாய்த் தண்ணீரின் சூடல்ல. கட்டிப் பிடித்தால் தெரியுமே, அந்தச் சூடு.

மூலையில் சேலை உட்கார்ந்திருந்தது. சேலைக்குள் ஜெபராணி இருந்தாள். இருந்த அளவுக்கு இருந்தாள். தோளைத் தொட்டான். காய்ந்த சுரைக்குடுக்கையின் கனம்தான் இருந்தது. தலைமயிர் தேங்காய் நார். பைப்பைப் பிடித்த விரல்கள் ஐந்தும் சுள்ளி. தண்ணீரில் இருந்த காலும் நனையவில்லை.

"என்னப்பா, நின்னுச்சா?" படியிலிருந்து குரல்.

"நிக்குதுங்க." வாய் தானாகச் சொன்னது. "ஒரு சொட்டு எறங்கலீங்க."

அந்தக் குரலுக்கு அவள் கண் திறந்தது. உதடு பிளந்தது. சத்தம் வரவில்லை. அவன் காதை அருகே கொண்டுபோனான். உள்ளே எதுவோ சருகாக உரசியது. மறுபடியும் உரசியது.

தண்ணி கேட்டாள்.